பேறுகால விடுப்புச் சம்பளத்தை யார் கொடுப்பது? பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், வேலை கொடுப்பவர்கள் இரண்டு பேருமே சொல்லுங்கள்

#1 கோடிஹள்ளி அம்மா

வணக்கம். பள்ளிக்கூட சீட்டு, வீட்டு வாடகை, தண்ணீர் லாரி எல்லாம் இங்கே பேசியாகிவிட்டது. இதையும் பேசிவிடலாம் என்று தொடங்குகிறேன்.

அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். சமீபத்தில் டெஸ்டிங் வேலை ஒன்றுக்குக் கடைசிச் சுற்று வரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சேலத்துப் பெண், நான்கு வருட அனுபவம், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொருவர் இரண்டு வருட அனுபவம் உள்ள பையன். எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் அவள்தான் முன்னால் நின்றாள். ஆஃபர் போனது பையனுக்கு. 'டீமுக்குப் பொருத்தம்' என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். அறைக்குள் பேசியது இதுதான்: "சேர்ந்த வருஷமே ஆறு மாசம் லீவுன்னா அந்தச் சம்பளம் நம்ம தலையிலதானே?" நான் எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை.

2017-இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். என் இளைய மகள் பிறந்தபோது எனக்கு அந்தப் பலன் முழுதாகக் கிடைத்தது. அந்த ஆறு மாதம் இல்லையென்றால் அப்போதே வேலையை விட்டிருப்பேன். அதனால் விடுப்பைக் குறைக்க வேண்டும் என்று யாரும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். என் கேள்வி வேறு. அந்த 26 வாரச் சம்பளத்தை முழுக்க ஒரே முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்ததால்தானே கல்யாணமான பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்ததும் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள்? உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது?

#2 பீன்யா லேத்

நான் வேலை கொடுக்கிறவன். பீன்யாவில் சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டர் லேத்) யூனிட். பதினான்கு பேர், அதில் பெண்கள் மூன்று பேர்: கணக்கு, தரப் பரிசோதனை, டிசைன். மூன்று பேரும் நல்ல வேலைக்காரர்கள்.

டிசைன் பார்க்கும் தங்கைக்கு மாதம் 28,000. அவர் பேறுகால விடுப்பில் போனால் ஆறு மாதத்துக்கு 1,68,000 ரூபாய். இன்னொருவரை அந்த ஆறு மாதத்துக்கு வைத்தால் அதே அளவு இன்னொரு முறை. எனக்கு வரும் பில்லோ 90 நாள் கழித்துத்தான் பணமாகிறது. பெரிய கம்பெனிக்கு இது கணக்கேட்டில் ஒரு வரி. எனக்கு ஒரு வருட லாபத்தில் பாதி.

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க மனசு வராது, என் மனைவியும் வேலைக்குப் போனவர்தான். ஆனால் எங்கள் தெருவில் இருக்கும் மற்ற யூனிட்காரர்கள், "பையனா இருந்தா அனுப்பு" என்று வேலைவாய்ப்பு ஆட்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த 1,68,000-ஐ அவர்களுக்குப் பதிலாக யார் தருவார்கள் என்பதற்குப் பதில் சொன்னால்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் ஏழு வாரச் சம்பளத்தைத் திருப்பித் தரும் யோசனை ஒன்றைச் சொன்னது. அதுவும் மாதம் 15,000 வரை வாங்குபவர்களுக்கு மட்டும். என்னிடம் வேலை செய்யும் மூன்று பேரும் அந்த வரம்புக்கு மேலே.

#3 ஊதியத்தாள்

சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் நாட்டில் இதற்கு ஏற்கெனவே இரண்டு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். இது ஆண், பெண், கல்யாணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் பிடிக்கும் பணம். பேறுகாலத்தில் 26 வாரத்துக்கு முழுச் சம்பளத்தை இஎஸ்ஐ நிதி தருகிறது. முதலாளிக்கு அந்த ஆறு மாதச் சம்பளச் செலவு கிடையாது. அதாவது பக்கத்து மெஷினில் நிற்கும் கல்யாணமாகாத பையனின் பங்கும் இவளுடைய பிரசவத்துக்குப் போகிறது. நியாயமான ஏற்பாடு.

21,000-ஐத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. அதே பெண்ணுக்கு 22,000 ஆக்கினால் அவள் இஎஸ்ஐ-யை விட்டு வெளியே வருகிறாள், முழுச் செலவும் முதலாளியிடம் வந்து நிற்கிறது. இந்த உச்சவரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதன் பிறகு பெங்களூரில் சம்பளமும் விலைவாசியும் எங்கேயோ போய்விட்டன. டிகிரி முடித்து முதல் வேலைக்கு வரும் பெண்ணே வரம்புக்கு வெளியே நிற்கிறாள்.

பொது நிதியிலிருந்து கொடுக்கும் முறை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கீழ்ச் சம்பளக்காரர்களோடு நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

#4 எண்ணும் எழுத்தும்

மிக நல்ல இழை. நான் பொருளாதாரம் படித்துவிட்டு இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். வெளிநாட்டு உதாரணம் சில சொல்கிறேன், பணக்கார நாடுகளை விட்டுவிடுகிறேன்.

சிலி நாட்டில் 20 பெண்களையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்தால் குழந்தைகள் காப்பகச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பின்னால் ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தொடக்கச் சம்பளமே குறைவாக இருந்தது தெரிந்தது. 9 முதல் 20 சதவீதம் வரை. காப்பகச் செலவு கடைசியில் பெண்களின் சம்பளத்திலிருந்தே போயிருக்கிறது.

இதே தவறு நம்மிடமும் இருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. பெண்களை எண்ணும் சட்டம் இருந்தால் பெண்களைக் குறைக்கத்தான் தோன்றும். 2017 பேறுகாலச் சட்டத் திருத்தம் அப்படிப் பெண்களை எண்ணாமல், ஆணோ பெண்ணோ மொத்தம் 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. எனக்குத் தெரிந்து அந்தத் திருத்தத்தில் மிகவும் யோசித்து எழுதிய வரி அதுதான். ஆனால் அதே திருத்தம் 26 வாரச் சம்பளத்தை மட்டும் அப்படியே முதலாளியிடம் விட்டுவிட்டது!

வியட்நாமில் ஆறு மாதம். பணம் சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. பிரேசிலில் 120 நாள், அதுவும் சமூகக் காப்பீட்டிலிருந்து. கூட 60 நாள் தரும் கம்பெனிக்கு வரிச்சலுகை. இவை இரண்டும் நம்மைப் போல முன்னேறி வரும் நாடுகள்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் ஒப்பந்தமும் 2000-இலேயே இதைச் சொல்லிவிட்டது: குறைந்தது 14 வாரம், அதன் செலவைத் தனி முதலாளி மேல் நேரடியாகச் சுமத்தக் கூடாது.

#5 பனசங்கரி பெரியவர்

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் வீட்டில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள். பிள்ளை தானாக வளர்ந்தது. இப்போது இரண்டு பேரும் ஓடுகிறார்கள், பிள்ளை யாரோ ஒரு ஆயாவிடம் வளர்கிறது. முதல் மூன்று வருடம் தாய் வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, அக்கறையில்தான் கேட்கிறேன்.

#6 கோடிஹள்ளி அம்மா

ஐயா, நீங்கள் அக்கறையில் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். மூன்று வருடம் வீட்டில் இருந்தவர்களின் விண்ணப்பத்தை வாரா வாரம் பார்க்கிறேன். அவர்கள் விட்ட இடத்தில் யாரும் சேர்ப்பதில்லை. விட்ட சம்பளத்துக்கும் கீழே, தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழே சேர வேண்டியிருக்கிறது. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. அப்புறம், பாட்டி தானாக வளர்த்தாள் என்கிறீர்கள். பாட்டிக்கு இடுப்பு வலி இருந்ததா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் மாமியாருக்கு இருக்கிறது. அவர் சொல்வதில்லை, ஆனால் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.

#7 பொம்மனஹள்ளி லைன்

இஎஸ்ஐ இருந்தால் போதும் என்பது போல மேலே படிக்கிறேன். போதாது. எங்களுக்கு இஎஸ்ஐ இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

நான் கார்மெண்ட்ஸில் டெய்லராகச் சேர்ந்து பிறகு லைன் சூப்பர்வைசராக இருந்தேன், ஒசூர் ரோட்டில். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். எங்கள் ஃப்ளோரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். பிரசவம் என்றால் இஎஸ்ஐ பணம் வரும், பேப்பர் சரியாக இருந்தால் ஒழுங்காக வரும். கம்பெனி ஒரு பைசா தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பிரசவத்துக்குப் போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வருவதில்லை.

ஏன் என்றால் ஆறு மாதக் குழந்தையை யாரிடம் விடுவது? ஃபேக்டரியில் காப்பகம் இருக்கிறது. ஒரு கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுவரில் மிக்கி மவுஸ் வரைந்த அறை, இரண்டு தொட்டில், ஒரு ஆடுகுதிரை. மற்ற நாளெல்லாம் பூட்டு, உள்ளே அட்டைப்பெட்டி. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் முந்தின நாள் பெட்டிகளை எடுத்து, தரை துடைத்து, ஆபீசில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நாலு பேரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஆடிட்டர் போட்டோ எடுப்பார். மறுநாள் மறுபடியும் பெட்டி. எல்லா இடமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அடுத்து நான் போன கம்பெனியில் நிஜமாகவே காப்பகம் நடந்தது, ஆயா நல்லவர், மதியம் பால் கொடுக்க விட்டார்கள். அங்கே பிரசவம் முடிந்து திரும்பியவர்கள் அதிகம், என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் ராஜினாமா எழுதிக்கொடுத்து பிஎஃப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கைக்கு வேறு காசு இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதானதும் வேறு ஃபேக்டரியில் புதிதாகச் சேருவார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் கிராஜுவிட்டி. ராஜினாமா கொடுக்காமல் விடுப்பில் போயிருந்தால் அந்தக் காலமும் சர்வீஸில் சேரும். இது தெரியாமல் பதினைந்து வருடம் தைத்துவிட்டு ஒரு ரூபாய் கிராஜுவிட்டி இல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

பிஎஃப் பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது 2016 ஏப்ரலில் ஒசூர் ரோட்டையே நிறுத்தினோம், ஞாபகம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் பெண்கள். எந்தக் கட்சியும் கூப்பிடவில்லை. இரண்டே நாளில் டெல்லி அந்த உத்தரவை வாபஸ் வாங்கியது. டிவியில் டிராஃபிக் ஜாம் என்றுதான் காட்டினார்கள். பிரசவம், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது. 58 வயது வரை யார் ஃபேக்டரியில் இருக்கப் போகிறார்கள்? நாற்பதிலேயே கண்ணும் முதுகும் போய்விடுகிறது.

#8 எண்ணும் எழுத்தும்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பணம் பொது நிதியிலிருந்து வந்தால் பெண்ணை வேலைக்குச் சேர்ப்பதில் உள்ள தடை குறைகிறது. ஆனால் அவள் திரும்பி வருவதற்குக் காப்பகம் வேண்டும். இரண்டும் தனித்தனி அடைப்பு. ஒன்றை மட்டும் திறந்தால் போதாது.

#9 பீன்யா லேத்

ஒரு சந்தேகம். கார்மெண்ட்ஸில் பெண்களை அதிகம் எடுப்பது இஎஸ்ஐ பிரசவச் செலவைப் பார்த்துக்கொள்வதாலா, இல்லை குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதாலா?

#10 பொம்மனஹள்ளி லைன்

இரண்டாவதுதான் அண்ணா. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரசவச் செலவு முதலாளி தலையில் விழுந்திருந்தால் கல்யாணமான பெண்ணை எடுத்தே இருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#11 மாரிகுப்பம் ரயில்

நான் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்). 2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊரே காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து ராத்திரி திரும்புகிறது. சுமார் 100 கிலோமீட்டர். தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாக்கள் சுரங்க வேலை பார்த்த காலத்தில் அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள். சுரங்கம் போனதும் பெண்களும் ரயிலில் ஏறினார்கள்.

பெண்கள் பெட்டியில் வருகிறேன். இருட்டோடு கிளம்பி, பிள்ளை எழுவதற்கு முன்னால் வந்துவிடுகிறோம். திரும்பும்போது தூங்கியிருக்கும். போன வருடம் எங்களோடு வந்த ஒரு பெண், துணிக்கடையில் சேல்ஸ். குழந்தைக்கு ஐந்து மாதம். பங்காருபேட்டை தாண்டும்போதே ரவிக்கை நனைந்துவிடும். மேலே துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடையில் பாத்ரூமில் நின்று பிழிந்து ஊற்றுவாள். அங்கே வீட்டில் பாட்டி பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துக்கொண்டிருப்பார். கடையில் ஏழெட்டுப் பேர்தான் வேலை, அதனால் பேறுகாலச் சட்டமே இல்லை, இஎஸ்ஐ-யும் இல்லை. மூன்று மாதத்தில் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள், வந்துவிட்டாள்.

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை உண்டு என்று சட்டத்தில் இருக்கிறதாம். எங்கள் பிள்ளைகள் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள்.

#12 அல்சூர் வக்கீல்

தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. உபயோகப்படும் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். எல்லோரும் உங்கள் அலுவலகத்துப் பெண்களுக்குச் சொல்லுங்கள்.

பேறுகாலச் சட்டம் பொருந்த, கடை, அலுவலகம் என்றால் 10 பேர் இருக்க வேண்டும், தொழிற்சாலைக்கு அந்த எண்ணிக்கை கிடையாது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு. ஒரு வருடம், இரண்டு வருடம் முடித்திருக்க வேண்டும் என்று ஹெச்ஆர் சொன்னால் அது சட்டம் இல்லை. இஎஸ்ஐ-யில் கணக்கு கொஞ்சம் வேறு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள். விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூன்றாவதற்கு 12 வாரம். கைக்குழந்தையைத் தத்தெடுத்தாலும் 12 வாரம் உண்டு. கர்ப்பத்தினால் விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் அது செல்லாது. வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. எத்தனை பேருக்கு அந்தக் கடிதம் வந்திருக்கிறது?

தினக்கூலி, ஒப்பந்தம் என்றால் கிடையாது என்று சொல்பவர்களிடம் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுங்கள். டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் (தினக்கூலிப் பட்டியலில்) வேலை செய்த பெண்களுக்காகத் தொழிற்சங்கம் எழுப்பிய வழக்கு. தெருவில் மண் வெட்டியவர்கள், ரோடு போட்டவர்கள். நிரந்தரப் பணியாளர் இல்லை என்பதால் பேறுகாலப் பலன் கிடையாது என்று மாநகராட்சி வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பும் முக்கியம்: பேறுகால விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது.

1961 பேறுகாலப் பலன் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 26 வாரம், காப்பகம் எல்லாம் அப்படியே இருக்கிறது. செலவை முதலாளியிடம் விட்டிருப்பதும் அப்படியே.

கோடிஹள்ளி அம்மா சொன்ன சேலத்துப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் எடுப்பதில் பெண் என்பதால் பாகுபாடு கூடாது என்று 1976 சமஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. நிரூபிப்பது யார்? 'டீமுக்குப் பொருத்தம்' என்ற இரண்டு சொல்லைத் தாண்டி நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது? தண்டனையை மட்டும் நம்பினால் இது மாறாது, அந்தப் பாகுபாட்டால் கிடைக்கும் லாபத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

#13 மாரிகுப்பம் ரயில்

அண்ணா, அந்த 8 வாரம், 80 நாள் விஷயத்தைச் சின்னதாகத் தனியாக எழுதித் தாருங்கள். எங்கள் ரயில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன்.

#14 ஒயிட்ஃபீல்டு அப்பா

அப்பாக்கள் யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் உண்டு. தனியாரில் அப்படிச் சட்டமே இல்லை. எங்கள் கம்பெனியில் ஐந்து நாள் தந்தார்கள். மனைவிக்கு சிசேரியன். ஆறாம் நாள் நான் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் தையலோடு எழுந்து துணி அலசுகிறாள். மாமியார் வந்ததால் பிழைத்தோம்.

அப்பாவுக்கும் கட்டாய விடுப்பு என்று வந்தால் ஆள் எடுக்கும்போது அந்தப் பையனைப் பார்த்தும் இதே கணக்கைப் போட வேண்டி வரும். அப்போது சேலத்துப் பெண்ணுக்கும் பையனுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். சும்மா உதவி செய்வதற்காக மட்டும் கேட்கவில்லை.

#15 எண்ணும் எழுத்தும்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் அது 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. கொரோனாவில் எல்லோரும் வீட்டில் இருந்த பிறகும் இதுதான் நிலைமை.

வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை ஏறிவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-18-இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர்தான் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2023-24-இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி கிராமத்தில், சொந்த நிலத்திலும் வீட்டுத் தொழிலிலும் கூடமாட வேலை செய்பவர்கள். கையில் சம்பளம் வாங்காதவர்கள் ஏராளம். நாம் பேசும் 26 வாரம் அவர்கள் யாருக்கும் எட்டாது.

#16 ஈஜிபுரா

எட்டாதவர்கள் கிராமத்தில் மட்டும் இல்லை. உங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்களே, அவர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை. என் அம்மா முப்பது வருடமாகக் கோரமங்களாவில் வீட்டு வேலை. நான்தான் குடும்பத்தில் முதல் டிகிரி.

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த முதல் மாநிலம் கர்நாடகா, 2004-இல். அது நல்லது. ஆனால் பிரசவம் என்றால் எதுவும் இல்லை. நாலு வீட்டில் வேலை செய்பவளுக்கு எந்த வீடு முதலாளி?

என் அக்காவும் இதே வேலைதான். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று திருவண்ணாமலைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வரும் என்றார்கள். அதற்கு முதல் 12 வாரத்துக்குள் ஊர் நர்ஸம்மாவிடம் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அக்கா அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள், ஏழாம் மாதம்தான் போனாள். சரி, மத்திய அரசு தரும் 5,000-ஆவது வாங்கலாம் என்றால் அதற்கு இங்கே அங்கன்வாடியில் பதிவு, அங்கே பிரசவம், ஆதாரில் ஒரு விலாசம், பேங்க் இன்னொரு இடம். கடைசியில் இரண்டும் கிடைக்கவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 என்று சொல்கிறது. திட்டம் வந்தபோது முதல் பிள்ளைக்கு 5,000 ஆனது, பிறகு இரண்டாவது பெண் பிள்ளையாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள்.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பலன் கூடவே வர வேண்டும். எந்த ஊரில் பதிவு செய்தாலும் எந்த ஊரில் பெற்றாலும் கிடைக்க வேண்டும். ரேஷன் கார்டுக்குச் செய்ய முடிந்ததை இதற்கு ஏன் செய்ய முடியாது?

#17 பனசங்கரி பெரியவர்

தம்பி ஈஜிபுரா, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இதைப் பேசினேன். அவர் மகள் நாலாம் மாதம். இங்கேயே பதிவு செய்ய என்ன வேண்டும் என்று எழுதினால் நான் அழைத்துப் போகிறேன்.

#18 ஈஜிபுரா

நன்றி ஐயா. பக்கத்து அங்கன்வாடிக்கு ஆதார், ஆதாரோடு இணைத்த பேங்க் பாஸ்புக், தாய் அட்டை (கர்ப்பிணிப் பதிவு அட்டை) எடுத்துப் போங்கள். தாய் அட்டை இல்லையென்றால் முதலில் அரசு ஆரம்ப சுகாதார மையத்தில் போட வேண்டும். இப்போதே போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

#19 கோடிஹள்ளி அம்மா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. 26 வாரச் சம்பளம் இஎஸ்ஐ மாதிரியே எல்லாச் சம்பளத்துக்கும் பொது நிதியிலிருந்து வர வேண்டும். ஆண் பெண் எல்லோர் பேரிலும் எல்லா முதலாளியும் கட்டட்டும். பீன்யா அண்ணா, உங்களைப் போன்றவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா?

#20 பீன்யா லேத்

மாதா மாதம் தெரிந்த தொகை என்றால் ஒத்துக்கொள்வோம். பதினான்கு பேர் சம்பளத்தில் ஒரு சதவீதம் என்றாலும் சமாளித்துவிடுவேன். திடீரென்று ஒரே வருடத்தில் வருவதுதான் ஆளை உட்கார வைக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கிறேன்: பேறுகாலத்துக்கு மட்டும் இஎஸ்ஐ உச்சவரம்பை எடுத்துவிட வேண்டும், அதற்குத் தனிப் பங்கை நாங்கள் கட்டத் தயார் என்று. ஊதியத்தாள் தம்பி, கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

#21 ஊதியத்தாள்

கண்டிப்பாக அண்ணா. கூடவே காப்பகத்தையும் சேருங்கள். அங்கன்வாடியில் மூன்று வயதுக்கு மேல்தான் உட்கார வைக்கிறார்கள், அதற்குக் கீழே சத்துமாவு மட்டும்தான். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் பெண்கள் வேலையை விடும் காலம். கிராமத்தில் நூறுநாள் வேலைக்குப் போன தாய்மாருக்காகக் கர்நாடக அரசு 'கூசின மனே' என்று பஞ்சாயத்துகளில் காப்பகம் தொடங்கியது. பீன்யாவுக்கும் பொம்மனஹள்ளிக்கும் பங்காருபேட்டை ஸ்டேஷன் பக்கமும் அப்படி ஒன்று கேட்கலாம்.

கோடிஹள்ளி அக்கா, உங்கள் கம்பெனியில் அறுபது பேர் என்றீர்களே, அப்படியானால் காப்பகம் கட்டாயம். வைத்திருக்கிறார்களா?

#22 கோடிஹள்ளி அம்மா

இல்லை. இடம் இல்லை என்கிறார்கள். ஆனால் எங்கள் கட்டடத்திலேயே ஐம்பதைத் தாண்டிய கம்பெனிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. பொதுவாக ஒன்று வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, இல்லையா?

#23 அல்சூர் வக்கீல்

கொடுக்கிறது. தனியாகவோ பொது வசதியாகவோ என்றுதான் எழுதியிருக்கிறது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம், ஓய்வு நேரமும் அதில் சேரும். நான்கு கம்பெனிக்கும் ஒரே கடிதமாகப் போடுங்கள். வரைவு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

#24 பொம்மனஹள்ளி லைன்

கோடிஹள்ளி அக்கா, அறையைத் தேடுவதற்கு முன்னால் ஆயாவைத் தேடுங்கள். மூன்று நாலு கைக்குழந்தைக்கு ஒருவராவது வேண்டும். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம், இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் போட்டால்தான் நிலைப்பார்கள், மாதத்துக்கு ஒருவர் மாறினால் எந்தத் தாயும் விட மாட்டாள். என்னோடு அந்த நல்ல காப்பகத்தில் இருந்த இரண்டு பேர் இப்போது வேலை தேடுகிறார்கள். ஒருவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.